கடைசி முடிவு மருத்துவருடையது என்ற உறுதி மட்டும் போதுமா?

மருத்துவ முடிவுகளில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துக்கொள்வதால் நோயாளிக்குக் கிடைப்பது நன்மையா, ஆபத்தா? இறுதி முடிவை மருத்துவரே எடுக்கும் வரை அஞ்ச வேண்டியதில்லை என்கிறார்களே, அது சரிதானா? கேட்கப்பட்டவை இந்த இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு, எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்ல இயலாது. பிரித்துப் பார்த்தால், சில இடங்களில் நன்மைக்கு வலுவான சான்று இருக்கிறது, வேறு சில இடங்களில் கருவி யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்களையே பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: அந்த உறுதிமொழியை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. மருத்துவரின் மேற்பார்வை தானாகவே வேலை செய்யும் ஒரு காப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எவ்வளவு எளிதில் தளர்ந்துபோகிறது என்பதை இப்போது அளந்தே காட்டியிருக்கிறார்கள். அதற்கு வருவதற்கு முன், நன்மைகளையும் அவை எந்தச் சூழலில் கிடைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தத் துறை நேற்று முளைத்தது என்ற எண்ணத்தை முதலில் விலக்கிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டொம்பால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், கடும் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளுக்குக் கணினி நிகழ்தகவுக் கணக்கின்படி சொன்ன நோயறிதலை மருத்துவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டு 1972இல் வெளியிட்டார்கள். கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம். அதே பத்தாண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற நிரல், கடுமையான தொற்றுகளுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தப் பரிந்துரை யாருடையது என்று தெரியாமல் மதிப்பிட்ட நிபுணர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணுக்குக் குறையாமல் அதற்கும் கொடுத்தார்கள். ஆனாலும் மைசின் வழக்கமான மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே துல்லியம் கைக்கு எட்டிவிட்டது. அந்தத் துல்லியத்தை வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்குப் பயனாக மாற்றும் வழிதான் எட்டவில்லை.

லீட்ஸ் முறையின் அடுத்த கட்டம் இதைவிடச் சுவையானது. எட்டு மருத்துவமனைகளில் 16,737 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1986இல் வெளியிட்டபோது, மருத்துவர்களின் முதல் நோயறிதல் சரியாக அமையும் விகிதம் 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. அந்த உயர்வு முழுவதும் கணினியின் அறிவால் வந்ததன்று. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எதனால் கூடுகிறது என்று வரிசையாகக் கேட்டு நிரப்ப வேண்டிய ஒரு படிவம் அதனுடன் வந்தது. அந்தப் படிவமும், தாங்கள் சொன்னது சரியா தவறா என்று மாதந்தோறும் திரும்பிக் கிடைத்த தகவலும் இளம் மருத்துவர்களை நோயாளியிடம் ஒழுங்காகப் பேசவைத்தன. கருவியைவிடக் கருவியைச் சுற்றி அமைந்த வேலைமுறை அதிகம் சாதிக்கும் என்பதை இந்தத் துறை திரும்பத் திரும்ப மறந்து, திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்று நன்மைக்கான சான்று எங்கே வலுவாக இருக்கிறது? பெரும்பாலும் படங்களைப் பார்க்கும் வேலையில். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பை எடுத்துக்கொள்வோம். அறிகுறி எதுவும் தெரியாமலே பார்வை போகக்கூடிய நோய் அது. ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால் தடுத்துவிடலாம், ஆனால் அத்தனை படங்களையும் பார்ப்பதற்குக் கண் மருத்துவர்கள் எங்குமே போதாது. கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு மென்பொருள், நிபுணர்களுக்கு இணையாக அந்தப் பாதிப்பை அடையாளம் காண்கிறது என்று 2016இல் காட்டினார்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவியை, கண் மருத்துவர் எவரும் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்ல அனுமதித்தது. 900 பேரிடம் நடந்த சோதனையில், நோய் உள்ளவர்களில் 87.2 சதவீதத்தினரையும் இல்லாதவர்களில் 90.7 சதவீதத்தினரையும் அது சரியாகப் பிரித்தது. காசநோயிலும் இதே கதைதான்: 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைச் சலித்துப் பார்க்கும் வேலையில் மனிதருக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே எந்திரம் இருந்தும் படத்தைப் படிக்க ஆளில்லாத இடங்கள் உலகில் ஏராளம். அங்கே கணினிக்குப் போட்டியாக நிற்பது நிபுணர் அல்லர், வெறும் காத்திருப்பு.

இந்த இரண்டு வேலைகளுக்கும் பொதுவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி மிகவும் குறுகியது. பதில் வந்ததும் அடுத்து என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது: கண் மருத்துவரிடம் அனுப்புவது, அல்லது சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது. கணினி தவறாக ஐயப்பட்டால் அடுத்த பரிசோதனை அதைத் திருத்திவிடும். தவறாக விட்டுவிட்டால்தான் பாதிப்பு, கண் பரிசோதனையில் அதற்கும் அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு உண்டு. இத்தனை நல்ல அமைப்புகள் இருந்தும், கூகுளின் கருவியைத் தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களில் செவிலியர்கள் பயன்படுத்தத் தொடங்கியபோது, முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது திருப்பித் தந்தது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியாததும் இணைய வேகம் குறைவாக இருந்ததும் காரணங்களில் அடங்கும். ஆய்வகத்தில் கிடைத்த துல்லியத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தத் துல்லியம் நல்ல படங்களுக்கான துல்லியம், அவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோயின் கதை இன்னும் பாடம் நிறைந்தது, ஏனென்றால் ஒரே வேலைக்கு இரண்டு தலைமுறைக் கருவிகளை அதில் ஒப்பிட முடிகிறது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் ஐயத்துக்குரிய இடங்களில் குறியிட்டுக் காட்டும் முதல் தலைமுறை மென்பொருளுக்கு அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கியதும் அது நாடு முழுவதும் பரவியது. 3,23,973 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2015இல் வந்தபோது, மென்பொருளோடு படித்த இடங்களில் 85.3 சதவீதப் புற்றுநோய்களும் அது இல்லாமல் படித்த இடங்களில் 87.3 சதவீதமும் கண்டறியப்பட்டிருந்தன. அதாவது பயன் எதுவும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் படித்த அதே மருத்துவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கருவி இருந்தபோதுதான் அவர்கள் அதிகம் தவறவிட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட பதினேழு ஆண்டுகள் பணமும் நேரமும் செலவான பிறகு கிடைத்த விடை இது.

சுவீடனில் நடந்த மசாய் என்ற ஆய்வு அதற்கு நேர்மாறான வழியில் சென்றது. 80,033 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் படங்களை வழக்கம்போல இரண்டு கதிரியல் மருத்துவர்கள் படித்தார்கள். மற்றப் பிரிவில் கணினி முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஆபத்து மதிப்பெண் கொடுத்தது, மதிப்பெண் குறைவான படங்களை ஒருவரும் அதிகமானவற்றை இருவரும் படித்தார்கள். 2023இல் வெளியான முடிவுகளின்படி, ஆயிரம் பெண்களுக்கு 6.1 புற்றுநோய்கள் கணினி துணைநின்ற பிரிவிலும் 5.1 வழக்கமான பிரிவிலும் கண்டறியப்பட்டன. தேவையில்லாமல் பெண்களை மீண்டும் அழைத்த விகிதம் உயரவில்லை. படிக்கும் வேலை 44.3 சதவீதம் குறைந்தது. இங்கே வேலையைப் பிரித்தளித்த விதத்தைக் கவனியுங்கள். மருத்துவர் கணினிக்குப் பின்னால் நின்று அதைக் கண்காணிக்கவில்லை. அவருடைய கவனம் எங்கே அதிகம் தேவையோ அங்கே அதைத் திருப்பிவிடக் கணினி பயன்பட்டது. பரவலாக்கிய பிறகு ஆராய்வதற்கும் ஆராய்ந்த பிறகு பரவலாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஆபத்துகளுக்கு வருவோம். துல்லியம் 90 சதவீதம் என்ற விளம்பரத்தைப் படிக்கும் ஒருவர், கருவி எச்சரித்தால் நோய் இருப்பதற்கு 90 சதவீத வாய்ப்பு என்றே புரிந்துகொள்கிறார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் கருவி, அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் தவறாகப் பிடிக்கும். எச்சரிக்கை எழுந்த 108 பேரில் உண்மையில் நோயுள்ளவர் ஒன்பதே பேர், அதாவது சுமார் எட்டு சதவீதம். கருவியில் குறை ஒன்றும் இல்லை. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் எந்தப் பரிசோதனைக்கும் இதுதான் நேரும். பத்து எச்சரிக்கையில் ஒன்பது பொய்யானால், சில வாரங்களிலேயே செவிலியரும் மருத்துவரும் எச்சரிக்கையைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், பத்தாவதையும் சேர்த்து.

இது கற்பனைக் கணக்கு அன்று. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் என்ற நிலையை முன்கூட்டியே சொல்வதற்கு, மின்னணு மருத்துவப் பதிவேடுகளை வழங்கும் எபிக் நிறுவனம் ஒரு மாதிரியை, அதாவது பழைய தரவுகளிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலை, உருவாக்கி நூற்றுக்கணக்கான அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கொடுத்திருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் 38,455 உள்நோயாளி அனுமதிகளில் அதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. மறுபுறம், மொத்த அனுமதிகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. அதே நோய்க்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு முறையை ஐந்து மருத்துவமனைகளில் பயன்படுத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், எச்சரிக்கையை மருத்துவர் மூன்று மணி நேரத்துக்குள் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு, ஒப்பீட்டளவில் 18.7 சதவீதம் குறைவாக இருந்தது. குலுக்கல் முறையில் நடந்த சோதனை அன்று அது. ஆகவே அந்த எண்ணைச் சற்றுத் தள்ளிவைத்தே பார்க்க வேண்டும். ஆனாலும், செப்சிஸுக்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படுமா என்ற கேள்வியே பொருளற்றது என்பதை இந்த இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன: எந்த மென்பொருள், எந்த மருத்துவமனையில், எச்சரிக்கை எழுந்ததும் யார் எழுந்து போகிறார் என்று கேட்க வேண்டும்.

இதைவிட ஆழமான ஆபத்து, கணினி நாம் நினைப்பதை விட்டு வேறொன்றைக் கற்றுக்கொள்வது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் அபாயத்தில் இருக்கிறார், யாரை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ளலாம் என்று கணிக்கப் பல மாதிரிகளைப் பயிற்றுவித்தார்கள். அவற்றுள் விதிகளாக எழுதிக் காட்டும் மாதிரி ஒன்று, ஆஸ்துமா உள்ள நிமோனியா நோயாளிக்கு அபாயம் குறைவு என்ற விதியைக் கண்டுபிடித்தது. மருத்துவம் படித்த எவரும் அதைப் பார்த்துத் திடுக்கிடுவார். ஆனால் தரவுகள் பொய் சொல்லவில்லை: ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அந்தக் கவனிப்பால் அவர்கள் பிழைத்தார்கள். கணினி கற்றது நோயின் இயல்பை அன்று, மருத்துவமனையின் நடைமுறையை. அதை நம்பி ஆஸ்துமா நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அந்தக் கவனிப்பே அவர்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். சோதித்தவற்றில் மிகத் துல்லியமாக இருந்தது உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத நரம்பு வலைப்பின்னல் மாதிரிதான். அதே தவற்றை அதுவும் கற்றிருக்கும், கூடவே நம் கண்ணில் படாத வேறு தவறுகளையும் கற்றிருக்கலாம் என்பதால், அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த ஆய்வாளர்கள் விட்டுவிட்டார்கள். அந்த முடிவில் இருந்த தன்னடக்கம் இப்போது அரிதாகிவிட்டது.

இன்னொரு நிகழ்வில் விளைவு கற்பனையில் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட ஒரு வகை மென்பொருள், கூடுதல் கவனிப்புத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க, ஒவ்வொருவருக்கும் வரும் ஆண்டில் ஆகக்கூடிய மருத்துவச் செலவைக் கணித்தது. நோய் அதிகமானால் செலவு அதிகமாகும் என்ற கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் ஒரே அளவு நோயுற்ற இருவரில் கறுப்பினத்தவருக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சை எட்டுவதே குறைவு. ஆகவே மென்பொருளின் கண்ணுக்கு அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். சியாட் ஓபர்மேயரும் அவருடைய குழுவினரும் 2019இல் இதைக் கண்டறிந்து, இந்தச் சாய்வைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று காட்டினார்கள். இந்த மென்பொருள் இனத்தை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எதைக் கணி என்று கேட்டார்களோ அதை அது சரியாகவே கணித்தது, கேட்டது தவறு.

இவ்வளவையும் கேட்ட பிறகு, இதற்காகத்தானே மருத்துவர் இருக்கிறார், கணினி உளறினால் அவர் தள்ளிவிடுவார் என்று சொல்லத் தோன்றும். சட்டங்களே அந்த நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அமெரிக்காவில் 2016இல் இயற்றிய ஒரு சட்டம், பரிந்துரைக்கான அடிப்படையை மருத்துவர் தாமே சரிபார்த்துக்கொள்ள முடிகிற சில வகை மென்பொருள்களை மருத்துவக் கருவி என்ற வரையறையிலிருந்தே விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அபாயம் மிகுந்த அமைப்புகளுக்கு மனித மேற்பார்வை கட்டாயம் என்கிறது. எந்திரம் சொன்னதை அளவுக்கு மீறி நம்பும் மனித இயல்பைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிற அளவுக்காவது அது முன்னேறியிருக்கிறது.

அந்த இயல்பு எவ்வளவு வலியது? 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 27 கதிரியல் மருத்துவர்களிடம் மேமோகிராம்களைக் கொடுத்து, கணினியின் கருத்து என்று சொல்லி ஒரு மதிப்பீட்டையும் காட்டினார்கள். சில படங்களில் அந்த மதிப்பீட்டை வேண்டுமென்றே தவறாக வைத்தார்கள். கணினி சரியாகச் சொன்னபோது எல்லோருமே ஏறக்குறைய 80 சதவீதம் சரியாக மதிப்பிட்டார்கள். அது தவறாகச் சொன்னபோது, அனுபவம் குறைந்தவர்களின் சரியான மதிப்பீடு சுமார் 20 சதவீதத்துக்கு விழுந்தது. நடுத்தர அனுபவமுள்ளவர்கள் 25 சதவீதத்துக்கு வந்தார்கள். மிகுந்த அனுபவமுள்ளவர்களே 45 சதவீத அளவில்தான் நின்றார்கள். கணினியைத் திருத்துவார் என்று எவரை நம்பி அதை அனுமதிக்கிறோமோ, அவரையே கணினி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் விழித்துக்கொள்வார் என்பது அடுத்த நம்பிக்கை. அதையும் சோதித்துவிட்டார்கள். மூச்சுத் திணறலோடு வந்த நோயாளிகளின் விவரங்களை 457 மருத்துவப் பணியாளர்களிடம் கொடுத்து, 80 வயதைத் தாண்டினாலே நிமோனியா என்றும் உடல் பருத்திருந்தாலே இதயச் செயலிழப்பு என்றும் சொல்லுமாறு வேண்டுமென்றே கோணலாக்கிய ஒரு மாதிரியின் கணிப்பைக் காட்டினார்கள். தாமாகச் செய்தபோது 73 சதவீதமாக இருந்த அவர்களுடைய துல்லியம் 11 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. எக்ஸ்ரேயின் எந்தப் பகுதியைப் பார்த்துக் கணினி முடிவுக்கு வந்தது என்று வண்ணமிட்டுக் காட்டியபோதும் சரிவு குறிப்பிடத்தக்க அளவுக்கு மீளவில்லை. விளக்கம் இருப்பதே நம்பிக்கையைத் தருகிறது. விளக்கம் சரியா என்று பார்க்கும் பொறுமை, அடுத்த நோயாளி காத்திருக்கும்போது யாருக்கும் வருவதில்லை.

மேற்பார்வையிடும் திறனே காலப்போக்கில் தேய்ந்துபோகலாம் என்பது இன்னும் கவலைக்குரியது. பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய அடினோமா கட்டிகளைத் திரையில் கட்டமிட்டுக் காட்டும் மென்பொருள்கள் பயனுள்ளவை என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. போலந்தில் நான்கு மையங்களில் அந்த மென்பொருளை அறிமுகப்படுத்துவதற்கு முன்னும் பின்னும், மென்பொருள் இல்லாமல் நடந்த பரிசோதனைகளை மட்டும் ஒப்பிட்டு 2025இல் ஓர் ஆய்வு வந்தது. அடினோமா கண்டறியப்பட்ட பரிசோதனைகளின் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. வேறு காரணங்கள் கலந்திருக்கலாம், ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அவர்கள் புதியவர்கள் அல்லர், ஆயிரக்கணக்கான பரிசோதனைகளைச் செய்து பழகிய மருத்துவர்கள். அனுபவசாலிகளுக்கே சில மாதங்களில் இது நேருமானால், கட்டமிட்ட திரையிலேயே தொழில் பழகும் அடுத்த தலைமுறை எதைக் கொண்டு கணினியைத் திருத்தும் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

சாட்ஜிபிடி போல உரையாடும் மொழி மாதிரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே அவற்றை மனத்தில் வைத்துத்தான். 2024இல் வெளியான ஒரு சோதனையில், கடினமான நோய் விவரங்களை 50 மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஜிபிடி-4 என்ற மொழி மாதிரி கையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 76 மதிப்பெண்ணும், வழக்கமான நூல்களையும் தளங்களையும் மட்டும் பார்த்தவர்கள் 74 மதிப்பெண்ணும் பெற்றார்கள். கணினியைத் தனியே விட்டபோது அது இரண்டாவது பிரிவைவிட 16 புள்ளிகள் மேலே நின்றது. கணினி மருத்துவரை வென்றுவிட்டது என்றே இதைப் பலர் படித்தார்கள். எனக்குப் பட்டது வேறு: நல்ல விடை தெரிந்த ஒன்று பக்கத்தில் இருந்தும் மருத்துவர்களுக்கு அதனால் ஆன பயன் மிகச் சொற்பம். பொதுமக்களிடமும் இதே இடைவெளிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,298 பேரிடம் நடத்திய சோதனையில், நோய் விவரத்தை முழுமையாகக் கொடுத்தால் 94.9 சதவீதம் சரியான நோயைச் சுட்டிய அதே மாதிரிகள், சாதாரண மனிதர்கள் அவற்றோடு உரையாடிப் பார்த்தபோது 34.5 சதவீதத்துக்கும் குறைவாகவே அவர்களைச் சரியான நோயிடம் கொண்டுசேர்த்தன. எதைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கணினி கேட்கவில்லை. இந்த மாதிரிகள் இல்லாததையும் இருப்பது போலவே தடையின்றி எழுதும் என்பதும், தயக்கம் தெரியாத அந்த நடையே தவற்றை மறைத்துவிடும் என்பதும் இதற்கு மேல் வரும் ஆபத்துகள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் கடைசி முடிவு மருத்துவருடையது என்ற சொற்றொடரின் இன்னொரு பயன் வெளிப்படுகிறது. கருவி தவறினால் அதைக் கேட்ட மருத்துவர் குற்றவாளி. கருவி சரியாகச் சொல்லி அவர் கேட்காவிட்டாலும் அவரே குற்றவாளி. உருவாக்கியவரும் வாங்கியவரும் ஒதுங்கிக்கொள்ள அது வசதியான வாக்கியம். முன்பு சொன்ன ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற விழித்திரைக் கருவி, மனிதர் இல்லாமல் முடிவு சொல்வதாலேயே, அதை உருவாக்கியவர்கள் பிழைக்கான பொறுப்பைத் தாங்களே ஏற்பதாக அறிவித்தார்கள். எது பாதுகாப்பானது என்று பார்த்தால், குறுகிய வேலையை முழுப் பொறுப்போடு செய்யும் கருவி, எல்லா வேலையிலும் யோசனை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும் கருவியைவிடப் பலமுறை மேலானது என்பது என் கருத்து.

அப்படியானால் மேற்பார்வையைக் கைவிடுவதா என்று கேட்டால், இல்லை. அதை உண்மையாக்க வேண்டும். மருத்துவர் முதலில் தம் கருத்தைப் பதிவுசெய்த பிறகே கணினியின் கருத்தைத் திறந்து காட்டும்படி அமைக்கலாம்; அப்போது இரண்டாவது கருத்து உண்மையிலேயே இரண்டாவதாக இருக்கும். புதிய மருத்துவமனைக்கு வரும் மென்பொருளைச் சில மாதங்கள் யாருக்கும் காட்டாமல் பின்னணியில் ஓடவிட்டு, அங்கே வரும் நோயாளிகளிடம் அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று அளக்கலாம். மிச்சிகன் ஆய்வு காட்டியதுபோல, விற்பவர் தரும் எண்ணை அந்த இடத்துக்கான எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவர்கள் இடையிடையே கருவியில்லாமல் படிக்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கலாம். நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்பதற்கும் சில உண்டு: என் முடிவில் கணினியின் பங்கு இருந்ததா, அதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கருத்து என்னவாக இருந்தது, என்னைப் போன்ற வயதும் நோயும் உள்ளவர்களிடம் அதைச் சோதித்திருக்கிறார்களா. இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில், கருவி எவ்வளவு புதியது என்பதைக் கேட்டு மகிழ ஒன்றுமில்லை.

இவற்றுக்கெல்லாம் ஆளும் நேரமும் வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனாவால் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் தன்மையே மாறிப்போன நாட்களில், மிச்சிகனில் அதே செப்சிஸ் மாதிரியின் எச்சரிக்கைகளை நிறுத்திவைத்தார்கள். மாதிரி தன் போக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய நோயாளிகளிடம் கற்றதை வைத்துப் புதிய நோயாளிகளை அளந்துகொண்டிருந்தது, தனக்குத் தெரியாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. எச்சரிக்கைகள் பொருந்தவில்லை என்று கவனித்து அதை நிறுத்துவதற்கு, அந்த வேலைக்கென்றே அமைத்த ஒரு குழு அந்த மருத்துவமனையில் இருந்தது. மென்பொருளை வாங்கும் ஒப்பந்தத்தில் அந்தக் குழு வருவதில்லை.